ஹட்டன் நேர்முகத்துக்கு ஆயத்தமான ஆறு வாரம்

கந்தப்பளையில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் விரும்பி வரவில்லை. ஒரு நேர்முகப் பரீட்சையில் தோற்றதால் வந்தேன்.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்று எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, நான் எல்லா நேர்முகங்களிலும் வென்றவன் என்ற எண்ணத்தில் கேட்டதாகத் தெரிந்தது. இந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து போன வருடம் ஐம்பத்தைந்தாவது வயதில் ஓய்வுபெற்றேன். அந்தப் பதவிக்கான நேர்முகத்தில் வென்றேன் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பு, ஒன்பது வருடங்களுக்கு முன் ஹட்டனில், ஒன்றில் தோற்றேன். உங்களுக்கு உதவக்கூடியது அந்த நேர்முகம்தான்.

அப்போது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் என் நண்பர் நடராஜா பெரிய கிளாக்கர். கம்பெனி இரண்டு தோட்டங்களையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரத் தீர்மானித்தது. இனி முகாமையாளராக ஒரு துரை, ஒரு ஆபீஸ், ஒரு பெரிய கிளாக்கர். எங்கள் துரையே இரண்டையும் பார்ப்பார். கிளாக்கர்களில் ஒருவர் இருக்கலாம். மற்றவர் கந்தப்பளையில் காலியாக இருந்த இரண்டாம் கிளாக்கர் வேலைக்குப் போக வேண்டும். யார் இருப்பது, யார் போவது என்பதை நேர்முகத்தில் முடிவு செய்வதாகக் கடிதம் வந்தது.

என் மகள் அப்போது ஹட்டனில் உயர்தரம் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் போவதென்றால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவள் நடுவழியில் பள்ளிக்கூடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் எங்களைப் பிரிந்து யார் வீட்டிலாவது தங்க வேண்டும். பதவி ஒரு படி இறங்குவதைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றியது. மகளின் படிப்பைக் கலைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நேர்முகத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நான் இருபத்து மூன்று வயதிலிருந்து டயரி எழுதுகிறவன். அன்றைய மழை, வந்த தொலைபேசி அழைப்புகள், யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கம் ஆயத்தத்திலும் வந்தது. ஒரு கொப்பியில் அறுபத்து நான்கு கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினேன். பதில் ஆறு வரியைத் தாண்டினால் குறைத்தேன். சான்றிதழ்களைப் பிரதியெடுத்து, சமாதான நீதவானிடம் அத்தாட்சிக் கையொப்பம் வாங்கி, அவர்கள் கேட்டிருந்த வரிசைப்படி அடுக்கினேன். ஒரு பிரதி ஈரமானாலும் இன்னொன்று இருக்கும்படி இரண்டு கட்டு.

ஒரு வாரம் முந்திப் போய் இடத்தைப் பார்த்தேன். ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கம்பெனியின் காரியாலயத்துக்கு நடந்தால் பதினொரு நிமிடம். மழையில் குடையோடு பதினான்கு. காரியாலயம் இரண்டாம் மாடியில். படி ஏறியதும் மூச்சு வாங்கியது. ஆகவே பதினைந்து நிமிடம் முந்தி ஏறி, மூச்சு அடங்கிய பிறகு பெயரைக் கொடுப்பது என்று குறித்துக்கொண்டேன். வழியில் மண் சரிந்து பஸ் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். முதல் பஸ்ஸில் போவதுதான் அதற்கு விடை. ஐந்து மணிக்கே எழும்ப வேண்டியிருந்தாலும் முதல் பஸ்.

இவற்றில் ஒன்றும் வீண் இல்லை. நீங்களும் செய்யுங்கள். தாமதமாகப் போய், நனைந்த காகிதத்தை நீட்டி, மூச்சு வாங்கப் பேசுகிற ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் பொறுமையாகத் தோண்டிப் பார்க்க மாட்டார்கள்.

பதில்களைப் பார்க்காமல் சொல்லிப் பழக ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஆபீசில் கணினி வேலை பார்த்த சுகந்தியிடம் கேட்டேன். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஏழு நேர்முகங்களுக்குப் போய், ஆறில் தோற்று, ஏழாவதில் எங்களிடம் வந்தவர். எனக்கு இருந்த அனுபவம் ஒரே நேர்முகம், அதுவும் இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், கதவைச் சாத்திவிட்டு, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். நான் எதிரில்.

முதல் நாள், உட்காருங்கள் என்று அவர் சொன்னதும் நான் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டினேன். அது என் வழக்கம்.

"ஐயா, நீங்க வேலை கேட்டு வந்தீங்களா, ரூம் கூட்ட வந்தீங்களா?" என்றார் சுகந்தி.

கைக்குட்டையை அன்றோடு பையிலேயே வைத்துக்கொண்டேன். மேசையைப் பார்த்துப் பேசுகிறேன் என்றார், நிமிர்ந்தேன். ஒவ்வொரு பதிலையும் "அதாவது" என்று தொடங்குகிறேன் என்றார். ஒரு வாரத்தில் விட்டேன். தமிழில் கேட்டுக்கொண்டிருப்பார், திடீரென்று சிங்களத்துக்குத் தாவுவார், அங்கிருந்து ஆங்கிலம். வெளியே கொழுந்து லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தாலும் விடமாட்டார்.

நான்காம் வாரம், நீங்கள் செய்த பெரிய பிழை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். இது என் கொப்பியில் முப்பத்தெட்டாவது கேள்வி. எல்லாவற்றையும் நானே சரிபார்க்கிறேன், வேலையை மற்றவர்களிடம் ஒப்படைக்கத் தயங்குகிறேன், அதுதான் என் பிழை என்று எழுதி வைத்திருந்தேன். அப்படியே ஒப்பித்தேன்.

"இது பிழை இல்லீங்க ஐயா. மாப்பிள்ளைக்கு என்னா குறைன்னு கேட்டா, அவருக்குக் கோவமே வராது, அதான் குறைன்னு சொல்ற மாதிரி இருக்கு. ஆறு எடத்துல நானும் இதத்தான் சொன்னேன். வேற தேடுங்க. வீடு முழுக்க டயரி வச்சிருக்கீங்களே, அதுல ஒரு பிழைகூடவா இல்ல?"

அன்று மாலையே டயரிகளை எடுத்தேன். கடைசியிலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். அதிகம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. முந்தின வருட மழைக்காலத்தில் ஒரு பக்கம் இருந்தது.

அந்தப் பக்கத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் காலத்து ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த பெரிய கிளாக்கர் எனக்குக் கற்பித்தது அது. துரை எழுதியதில் பிழை இருந்தாலோ, அவருக்குப் பிடிக்காத செய்தி ஏதும் இருந்தாலோ வாயால் சொல்லக்கூடாது. ஒரு சிறு துண்டில் பென்சிலால் எழுதி, கையொப்பத்துக்குப் போகும் கோப்பில் செருகிவிட வேண்டும். அவர் தனியாக இருக்கும்போது பார்ப்பார், திருத்துவார், துண்டில் எழுதியிருப்பதை அழித்துத் திருப்பி அனுப்புவார். யாருக்கும் தலைகுனிவு இல்லை. இருபத்து நான்கு வருடம் மூன்று துரைமாரோடு அப்படித்தான் வேலை செய்தேன். மூன்று பேரும் என்னை நல்ல கிளாக்கர் என்றார்கள்.

அந்த மழைநாளில் காலை 9.40க்குக் கிராம உத்தியோகத்தர் தொலைபேசியில் பேசினார். மேல்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறது, லயத்தின் பன்னிரண்டு வீட்டாரையும் உடனே பாடசாலைக்கு அனுப்புங்கள் என்றார். துரைக்கு அடுத்தவரான சின்னதுரை லீவில் இருந்தார். துரை பங்களாவில் கொழும்பிலிருந்து வந்த விருந்தினரோடு இருந்தார். விருந்தினர் இருக்கும்போது கைத்தொலைபேசியை எடுக்க மாட்டார். பங்களாவுக்கு அழைத்தேன். சமையல்காரர் எடுத்து, துரையை இப்போது கூப்பிட முடியாது என்றார். அவசரச் செய்தி ஒன்று பைலில் வருகிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். துண்டை எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். "அவசரம்" என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டேன். கோப்பு பங்களாவுக்குப் போனது.

துரை கோப்பைத் திறந்தது மூன்று மணிக்கு. உடனே ஓடி வந்தார். அதற்குப் பிறகு நடந்ததில் குறை சொல்ல முடியாது. ஐந்து மணிக்குள் பிள்ளைகள், படுக்கையில் கிடந்தவர்கள் என்று எல்லாரும் பாடசாலையில். ஆறேகாலுக்கு மலை இறங்கியது. லயத்தின் கடைசி இரண்டு வீடுகளுக்குள் கூரைவரை மண். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அன்றிரவு கம்பெனிக்கு அறிக்கை போக வேண்டியிருந்தது. துரை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "பிற்பகல் மூன்று மணிக்கு எச்சரிக்கை கிடைத்தது, ஆபீஸ் அதைக் கோப்பில் அனுப்பியது" என்றார். என் துண்டில் 9.40 என்று இருந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மூன்று மணி என்றே அடித்தேன். மறுநாள் கோப்பில் துண்டு வெறுமையாகத் திரும்பி வந்தது.

பங்களா ஆபீசிலிருந்து நடந்து ஆறு நிமிடம். டயரியில் அந்தப் பக்கத்தின் கீழே நான் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான்.

இதை வாசித்த பிறகு நான் செய்தது, பக்கத்தை மூடிவிட்டு மேலும் பின்னால் தேடியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கடிதங்களை உறை மாற்றிப் போட்ட பிழை ஒன்று கிடைத்தது. அதை ஆறு வரியில் எழுதி, மறுநாள் சுகந்தியிடம் சொன்னேன். பரவாயில்லை, இதில் கொஞ்சம் பிழை தெரிகிறது என்று விட்டுவிட்டார். அவர் அந்த மழைக்குப் பிறகு சேர்ந்தவர். அந்தத் துண்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நேர்முக நாளில் முதல் பஸ்ஸில் போனேன். பஸ் எங்கும் நிற்கவில்லை. எட்டு மணிக்கே ஹட்டனில் இருந்தேன். காரியாலய வாங்கில் நடராஜா எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு உறை மட்டும் இருந்தது. என் இரண்டு கட்டுகளையும் கொப்பியையும் பார்த்தார்.

"என்னா, குடிமாறிப் போறீங்களா?" என்றார்.

இருவரும் சிரித்தோம். யார் போக நேர்ந்தாலும் மற்றவரிடம் கோபம் வைக்கக்கூடாது என்று முதல் நாள் தொலைபேசியில் பேசி வைத்திருந்தோம். அதைத் திரும்பப் பேசவில்லை. அவரைத்தான் முதலில் அழைத்தார்கள். அரை மணியில் வெளியே வந்து, "லேசா கேக்குறாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

உள்ளே மூவர். நடுவில் தலைவர். பல தோட்டங்களில் துரையாக இருந்து, பின் கம்பெனிக்கு ஆலோசகராக வந்தவர். சிங்களவர், தோட்டத் தமிழைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் பேசுவார். அவருக்கு வலப்பக்கம் கொழும்பிலிருந்து வந்த ஆளணிப் பிரிவு அம்மணி ஒருவர். இடப்பக்கம் எங்கள் துரை.

இருபத்தைந்து நிமிடம் நன்றாகவே போனது. கேட்டவற்றில் ஒன்பது கேள்வி என் கொப்பியில் இருந்தவை. நாற்காலியைத் தட்டவில்லை, மேசையைப் பார்க்கவில்லை. அந்த அம்மணி ஆங்கிலத்தில், நீங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்லுங்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்றார். உறை மாறிய கடிதங்களைச் சொன்னேன். தலையசைத்து எழுதிக்கொண்டார். எங்கள் துரையின் முகத்தில் திருப்தி தெரிந்தது. வேலை எனக்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

கடைசியில் தலைவர் முன்னாலிருந்த ஒரு தாளைத் தட்டினார்.

"கிளாக்கர், போன வருஷ மழையில உங்க ஆபீஸ் நல்ல வேலை செஞ்சிருக்கு. மூணு மணிக்குச் செய்தி. அஞ்சு மணிக்கு ஆள் எல்லாம் இஸ்கூல்ல. சரிதானே?"

"ஆமாங்க சார்."

"ஆபீஸ்ல செய்தி எடுத்து, பைல்ல வச்சு, துரைக்கு அனுப்பி, துரை ஓடர் குடுத்திருக்காரு. ஒழுங்கான முறை. இந்த ரிப்போட்ட எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பப் போறேன். அடுத்த மழைக்கு இப்படித்தான் செய்யணும்னு."

"ஆமாங்க சார்" என்றேன் மறுபடியும்.

அந்த இரண்டு ஆமாவையும் நான் யோசித்துச் சொல்லவில்லை. துரை ஒருவர் சொல்வதற்கு எதிரில் நின்று இல்லை என்று நான் அதுவரை சொன்னதே கிடையாது. தவறு இருந்தால் பிறகு துண்டு எழுதலாம் என்று உள்ளுக்குள் ஒரு பழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நேர்முக அறையில் பிறகு என்று ஒன்று இல்லை. கதவைத் தாண்டினால் முடிந்தது.

நன்றி சொல்லி எழுந்தேன். கட்டுகளை எடுத்துக்கொண்டேன். கதவுக்கு ஐந்தாறு அடி இருக்கும். ஏதோ ஒரு தோட்டத்தில், என்னைப் போல ஒருவர், மேலிடத்து உத்தரவுப்படியே செய்தியைக் கோப்பில் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பார் என்பது அந்த ஐந்தாறு அடியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் மலை ஆறேகால் வரை பொறுத்தது. இன்னொரு மலை நண்பகலில் இறங்கலாம். அதே நேரத்தில் மகளின் முகமும் நினைவுக்கு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பி நின்றேன்.

"சார், ஒண்ணு திருத்தணும். செய்தி மூணு மணிக்கு வரலீங்க. காலையில ஒம்பது நாப்பதுக்கு வந்துச்சு. நான்தான் போன் எடுத்தேன்."

தலைவர் அறிக்கையைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஒம்பது நாப்பதுல இருந்து மூணு மணி வரைக்கும் செய்தி எங்க இருந்துச்சு?"

"பைலுக்குள்ள இருந்துச்சுங்க சார்."

கீழே கடைத்தெருவில் பஸ் நடத்துநர் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுவது கேட்டது. பங்களாவுக்கு ஏன் நேரில் போகவில்லை என்று தலைவர் கேட்டார். விருந்தினர் இருந்தார்கள், போகும் வழக்கம் இல்லை என்றேன். அறிக்கையை யார் எழுதியது என்றார். அடித்தது நான் என்றேன். அப்போது எங்கள் துரை சிங்களத்தில், மூன்று மணி என்று போடச் சொன்னது தான்தான் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த அம்மணி என்னைப் பார்த்து, தான் பிழையைப் பற்றிக் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்றார். அதற்கு வேறு பதில் ஆயத்தம் செய்திருந்தேன் என்றேன். அவர் இதை எழுதிக்கொள்ளவில்லை.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இதச் சொல்லிட்டு இந்த வேலைய எப்படிக் கேக்கிற?"

அதுவரை நீங்க என்று பேசியவர். என் அறுபத்து நான்கு கேள்விகளில் இது இல்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை.

"வேலை உங்க முடிவுங்க சார். அந்த ரிப்போட்ட மத்த தோட்டத்துக்கு அனுப்பிறாதீங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

போகலாம் என்று கையைக் காட்டினார். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்பதை அன்று மாலையே டயரியில் எழுதி வைத்ததால்தான் இங்கே சரியாகத் தர முடிகிறது.

படி இறங்கி வந்தபோது துரையின் ஜீப் சாரதி, துரை உங்களையும் கூட்டிவரச் சொன்னார் என்றார். பின் ஆசனத்தில் ஏறினேன். நோர்வூட் கடைகளைத் தாண்டியதும் துரை திரும்பாமலே பேசினார். அவர் தமிழ் கொஞ்சம் மெதுவாக வரும்.

"நீங்க சொன்னது சரி. ஆனா நேத்து என்கிட்ட சொல்லியிருக்கலாம். நானே அந்த ரிப்போட்ட மாத்தியிருப்பேன். அவங்க முன்னால நான் என்னா செய்றது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டயரியில் அந்தப் பக்கத்தைக் கண்ட பிறகு எனக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆறு நிமிட நடையில் பங்களா. அப்போதும் நான் போகவில்லை. மலை வெடித்த அன்று போகாதவன், அமைதியான இரண்டு வாரத்திலும் போகவில்லை. அந்த அறிக்கை நேர்முகத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் என் தோட்டத்தில் அந்த வருடம் நடந்தவற்றில் பெரியது அதுதான். கேட்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். அறுபத்து நான்கு கேள்வி எழுதியவனுக்கு அது தோன்றவில்லை என்றால், தோன்றவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

நீங்கள் ஆயத்தமாகும்போது இந்த இடத்தைக் கவனியுங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போகையில் கை ஏதாவது ஒன்றைத் தாண்டிப் போகும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பதில் அழகாக வர வேண்டியதில்லை. என்ன நடந்தது, யார் செய்தது, இப்போது என்றால் என்ன செய்வேன் என்று வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். அதில் வேறொருவர் சம்பந்தப்பட்டிருந்தால், அவர் அந்த அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். இன்னொன்று, தலைவர் தவறாக ஏதும் சொன்னால் திருத்துவதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். மரியாதையான வாக்கியமாக இருக்கட்டும், ஆனால் வாயால் சொல்லிப் பழகியதாக இருக்கட்டும். நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆமாங்க சார் என்பது மூச்சு விடுவதுபோல் வந்துவிடும். அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. பழக்கம்தான். பழக்கத்தைப் பழகித்தான் மாற்ற வேண்டும். கந்தப்பளையில் பெரிய கிளாக்கர் பதவிக்கு என்னை நேர்முகம் கண்டபோது பிழையைப் பற்றித்தான் முதல் கேள்வி. ஐந்து வாக்கியத்தில் சொன்னேன். அதற்கு முன் சமையலறையில் மனைவி முன்னால் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஹட்டன் முடிவு பதினாறாம் நாள் வந்தது. பதவி நடராஜாவுக்கு. அன்று மாலையே குவாட்டர்ஸுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, "அந்தக் கேள்விக் கொப்பிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, எனக்கு எப்பவாச்சும் தேவைப்படும்" என்றார். கொடுத்தேன். நடந்ததைக் கேட்ட சுகந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பிழையை முன்கூட்டியே தன்னிடம் சொல்லியிருந்தால் அதை எப்படிச் சொல்வதென்று சேர்ந்து பழகியிருக்கலாமே என்றார்.

மகளிடம் நானே சொன்னேன், நடந்தது முழுவதையும். கேட்டுவிட்டு, டிக்கோயாவில் சின்னம்மா வீட்டில் தங்குகிறேன், பள்ளிக்கூடம் மாற மாட்டேன் என்றாள். அப்படியே தங்கினாள். ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். உயர்தரத்தில் அவள் எதிர்பார்த்த பெறுபேறு ஒரு பாடத்தில் வரவில்லை. இடம் மாறியதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை எழுதிப் பெற்றாள். எனக்கு நட்டமே இல்லை என்று உங்களுக்குச் சொன்னால் அது பொய்யாகும்.

கந்தப்பளையில் நான் சேர்ந்து மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானது. எந்தத் தோட்டத்தின் பெயரும் இல்லை. தேயிலை ஸ்டோரின் கிளாக்கர் அன்று எங்கள் ஆபீசில் இருந்தார். என் வயதுக்காரர், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவர். அவர்தான் அதை எடுத்து உரக்க வாசித்தார். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் செய்தியைக் கோப்பில் வைத்து அனுப்பக்கூடாது. செய்தியைப் பெற்றவரே, முகாமையாளர் யாரோடு இருந்தாலும், நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முகாமையாளர் கிடைக்காவிட்டால் உத்தரவுக்குக் காத்திராமல் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

"இதையெல்லாமா எழுதி அனுப்புவாங்க?" என்றார் தாளை ஆட்டியபடி. "மலை சரியப் போகுதுங்கிற சேதிய பைல்ல வச்சு அனுப்புற ஆளு எந்தத் தோட்டத்துலங்க இருக்கான்?"

"இந்தத் தோட்டத்துலதான் இருக்கேன்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒம்பது நாப்பதுக்கு போன் வந்துச்சு என்று தொடங்கி, எதையும் விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அவர் எழுந்து போய், மேசை லாச்சியில் இரண்டு ஆணி தேடி எடுத்துவந்தார். நான் தாளைச் சுவரில் நேராகப் பிடித்துக்கொண்டேன், அவர் அடித்தார்.

உங்கள் தொலைபேசிக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளாகிப்போய்த் தொங்குவது அந்தத் தாள்தான்.